மச்சான் பிடித்த கயிறு

என் பெயர் இன்னாசி. வயது நாற்பத்தொன்று. தகப்பனார் காலஞ்சென்ற சவரி. தர்மபுரி மாவட்டம் ஏரியூரை அடுத்த அந்தோணியார் கொட்டாயில் குடியிருந்து விவசாயம் செய்து வருகிறேன். கையெழுத்துப் போடத் தெரியும். என் தங்கை ராஜமேரியின் கணவர் பெரியநாயகம் தேன்பாறையிலிருந்து விழுந்து இறந்துபோனார். நான்தான் கயிற்றை அறுத்து அவரைக் கொன்றேன் என்று ராஜமேரியே இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் புகார் கொடுத்திருக்கிறாள். அது பற்றி எனக்குத் தெரிந்ததை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், நானாகச் சொல்கிறேன்.

ஓசூரில் பங்களா கட்டிக் குடியிருக்கும் சிவருத்திரப்பா என்பவர் 1972-ம் வருடக் கடைசியிலிருந்து எங்கள் பக்கம் வந்துபோவார். பெங்களூரில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேண்டியது காட்டு மரம். வயதான மரமாக இருக்க வேண்டும், ஆனால் முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. அதை வேரோடு பெயர்த்துக்கொண்டு போய்த் தாம்பாளம் போன்ற தொட்டியில் வைத்து, கிளைகளில் கம்பி சுற்றி வளர்ப்பார். ஜப்பான்காரர்களின் வித்தை என்றும் போன்சாய் என்று பெயர் என்றும் சொன்னார். கல்லுக் கரட்டில் ஆடு கடித்துக் கடித்து வளராமல் போன புளிய மரத்தையும் காரை மரத்தையும் பெரியநாயகம்தான் தோண்டிக் கொடுத்தார். ஆடு தின்ற மிச்சத்துக்கு ஜீப்பில் வருகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால் கேலி செய்தேனே தவிரத் தடுக்கவில்லை.

அதன் பிறகு சிவருத்திரப்பாவுக்கு ஆடு கடித்த மரம் போதவில்லை. தேன்பாறையின் நடுவில், மேலேயிருந்தும் கீழேயிருந்தும் எட்டாத இடத்தில், பாறை இடுக்கில் ஒரு இச்சி மரம் இருந்தது. என் தகப்பனார் காலத்திலும் அது அதே உயரம்தான். அதைக் கண்டதிலிருந்து அவர் வேறு மரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பெரியநாயகம் இறங்கி எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. மாதா திருவிழா அன்று கோயிலுக்கு முன்னால், எல்லோர் எதிரிலும், “உழுந்து செத்தா தூக்கறதுக்கு நான் வரமாட்டேன்” என்று அவரிடம் சொன்னது உண்மை. அதைக் கேட்டவர்கள் ஐயாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. பெரியநாயகம் கோபப்படவில்லை. மலையை மயிரால் கட்டி இழுத்துப் பார்க்கிறேன், வந்தால் மலை, போனால் மயிர் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எங்கள் பக்கம் மலைத்தேன் எடுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாறையில் இறங்குகிறவனுடைய கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் பங்குக்கு ஆசைப்பட்டு விட்டுவிடுவான், மச்சான் தன் தங்கையைத் தாலி அறுக்க விடமாட்டான் என்பது பேச்சு. நாங்களும் பாறையில் இறங்கினால் அப்படித்தான் செய்வோம். நான் வரமாட்டேன் என்று இருந்தபோது ராஜமேரி என் வீட்டுக்கு வந்தாள். “நீ புடிக்கலன்னா அவரு வேற ஆளக் கூட்டிட்டுப் போயிருவாரு. வேற ஆளு கயிறு புடிச்சா என்னால வூட்ல உக்கார முடியாதுண்ணா” என்றாள். அதனால்தான் போனேன். கயிறு அவளும் பெரியநாயகமும் கத்தாழை நாரில் திரித்தது. இடுப்பில் கட்டுகிற நுனி எது என்று தெரிவதற்காக, அந்த நுனியில் தன் சிவப்புச் சேலைக் கிழிசலையும் சேர்த்துத் திரித்திருந்தாள்.

1973-ம் வருடம், திருவிழாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் பாறை உச்சிக்குப் போனோம். சிவருத்திரப்பா ஈரச் சாக்கோடு வந்து நின்றார். கயிற்றின் மறுமுனையை ஒரு உசில மரத்தில் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். பெரியநாயகம் சிவப்பு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கடப்பாரையோடு இறங்கினார். அந்தப் பாறை வயிறு தள்ளியது. அதற்குக் கீழே போய்விட்டால் மேலேயிருந்து ஆள் தெரியாது. கடப்பாரைச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. சிவருத்திரப்பா குனிந்து குனிந்து, வேர் பத்திரம், வேர் பத்திரம் என்று கன்னடமும் தமிழும் கலந்து கத்திக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கயிறு இரண்டு முறை சுண்டியது. இழு என்று அதற்கு அர்த்தம். நான் இழுத்தேன். ஏறுகிறவன் பாறையில் கால் ஊன்றி நடந்து வருவதால் அவனுடைய முழுக்கனமும் கைக்கு வராது. அன்றும் கனம் குறைவாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை நன்றாக ஏறுகிறார் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. பாறை விளிம்பைத் தாண்டி வந்தது அவர் தலை இல்லை, இச்சி மரத்தின் தலை. வேர்கள் ஒரு கல்லைக் கவ்விக்கொண்டிருந்தன. அவர் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மரத்தில் கட்டி அனுப்பியிருந்தார்.

கீழேயிருந்து, “மரம் வந்துச்சா மச்சான்?” என்று அவர் கேட்டார். வந்தது, அசையாமல் இருங்கள் என்று கத்தினேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் இடது கைக்காரர், அவர் போடுகிற முடிச்சு எதிர்ப்பக்கமாக விழும். கத்தியை எடுத்தபோது சிவருத்திரப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டையில் படும், முதலில் சாக்கில் வைப்போம் என்றார். நான் அவரைத் தள்ளிவிட்டு, முடிச்சிலிருந்து ஒரு கை தள்ளிக் கயிற்றை அறுத்தேன். அறுத்த நுனியைக் கீழே வீசும்போதே கல் பெயர்கிற சத்தம் கேட்டது. அவர் நின்ற கல்லை அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது அந்த மரத்தின் வேர்தான். கயிறு வெறுமனே தொங்கியது.

அதன் பிறகு சிவருத்திரப்பா டாக்டரைக் கூட்டிவருவதாகச் சொல்லி மரத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். வரவில்லை. தூக்க வரமாட்டேன் என்று சொன்ன நான்தான், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களின் துணையோடு, பெரியநாயகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ராஜமேரி முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு என் தோளில் கிடந்த கயிற்றை எடுத்து நுனி வரைக்கும் உருவிப் பார்த்தாள். சிவப்புத் துணி இல்லை. கத்தி அறுத்த நுனி இருந்தது. அவர் இடுப்பிலும் கயிறு இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஐயா விசாரித்தபோது சிவருத்திரப்பா ஏரியூர்ப் பக்கமே வந்ததில்லை என்றும் தன்னிடம் உள்ளதெல்லாம் நர்சரியில் வாங்கிய மரங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். காட்டு மரம் எடுத்த கேஸுக்குப் பயந்து சொல்லியிருக்கலாம். அவர் பயத்துக்கு நான் தூக்குக்கயிற்றில் தொங்க முடியாது.

இன்று காலை ஐயா என்னையும் ராஜமேரியையும் ஓசூருக்கு அழைத்துப் போனார். தோட்டத்தில் தொட்டி தொட்டியாக மரங்கள் இருந்தன. இச்சி மரத்தை நான் அடையாளம் காட்டினேன். அந்தக் கல்லோடேயே வைத்திருந்தார்கள். புதுத் துளிர் விட்டிருந்தது. கயிறு அதில் இல்லை. தண்ணீர்க் குழாயடியில், ரப்பர் டியூபைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை ராஜமேரிதான் கண்டாள். சிவப்புத் துணி சேர்த்துத் திரித்த கயிறு. முடிச்சை அவிழ்க்க முடியாமல், மரத்தைச் சுற்றியிருந்த வளையத்தை மறுபுறம் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். முடிச்சு அப்படியே இருந்தது. ராஜமேரி அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, “இது அவரு போட்டதுதாங்க” என்று ஐயாவிடம் சொன்னாள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள். சிவருத்திரப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜீப்பில் திரும்பி வரும்போது பாலக்கோட்டைத் தாண்டினோம். அதன் பிறகு அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

“அவரு கனத்துக்கும் மரத்துக் கனத்துக்கும் கையில வித்தியாசம் தெரியலையாண்ணா?”



மேலே உள்ளதை ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. கேஸுக்கு வேண்டாததால் கடைசியில் ராஜமேரி கேட்டதை அடித்துவிடலாமா என்று ஐயா கேட்டார். அதுவும் நடந்ததுதான், இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ச. இன்னாசி