முப்பதைத் தாண்டாத வேன்

மண்புழுவின் முட்டைக்கூட்டை விரலால் கிள்ளி எடுக்கக் கூடாது ஐயா, நசுங்கிவிடும். உரத்தைச் சல்லடையில் சலித்தால் பருப்பைவிடச் சிறிய மஞ்சள் மணிகளாக மேலே தங்கும். அப்படியே ஈர நார்த்தூளில் கொட்டி, ஓட்டை போட்ட பெட்டியில் நிழலில் வைக்க வேண்டும். எல்லாம் அத்தான் சொல்லிக்கொடுத்தது. அக்காவின் கணவர். எந்த வேலையிலும் நிலைக்காமல் வந்து நின்ற என்னை, ஒரு சுடுசொல் இல்லாமல் தன் பண்ணையில் சேர்த்துக்கொண்டவர். வாங்க வருகிறவர்களிடம், "மாப்ள கைக்கு ஒரு கூடு கெடாது" என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வாரம் பெட்டிகளில் ஈரம் கூடிவிட்டது. பூஞ்சை பிடித்துவிடும் என்று மூடிகளைத் திறந்து மின்விசிறியைப் போட்டேன். போட்டதை மறந்தே போனேன். மூன்றாம் நாள் பார்த்தால், ஆறு பெட்டியிலும் கூடுகள் வற்றிச் சுருங்கிக் கிடந்தன. மேலாகத் தண்ணீர் தெளித்து மூடிவிட்டேன். அத்தானிடம் சொல்லத்தான் போனேன், சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு, வாங்குகிறவர் பண்ணைக்கு இரண்டு பேரும் கிளம்பினோம். கூடுகள் குலுங்கக் கூடாது என்று எப்போதுமே முப்பதைத் தாண்ட மாட்டோம். "நம்மள ஆமை ஓவர்டேக் பண்ணிடும் மாப்ள" என்று சிரித்தவர், கொஞ்ச தூரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு விடுடா."

சாலை காலியாகத்தான் இருந்தது. அழுத்தி மிதித்தால் பத்து நிமிடம். பிழைத்தால் நாளைக்குப் பெட்டியைத் திறப்பார் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. முள் முப்பதிலேயே நின்றது.

நான் பெட்டிகளுக்காகத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் பாவம். "கூடு போனாப் போகட்டும்டா. நீ வேகமா போ" என்றார்.

அதை நினைத்து இன்றும் அழுகிறேன். அன்று அழவில்லை. அரை மணி நேரம் ஓட்டினேன்.

கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். கையும் ஓடல, காலும் ஓடல என்று அக்காவிடம் சொன்னேன். என் தலையைத் தடவி, "நீ என்னடா பண்ணுவ" என்றாள். நான் சொன்னது பொய் ஐயா. எனக்குப் பதற்றமே இல்லை, கியர்கூட மாற்றவில்லை.

ஆனால் ஒன்று. கடைசிவரை என்னால் அவருக்கு ஒரு மனவருத்தமும் வரவில்லை. அந்த மட்டில் அவரை நான் நல்லபடியாகத்தான் அனுப்பிவைத்தேன்.