பள்ளிவாசல் நாற்காலி

செகந்திராபாத் போகும் லோக்கல் ரயிலில் என் எதிரே இரண்டு பெரியவர்கள். தொப்பி போட்டவர் சொன்னார்: "பள்ளிவாசல்ல என் நாற்காலிய இனி நீ எடுத்துக்க மச்சான்."

"ஏன், முட்டி ஆபரேஷன் முடிஞ்சிடுச்சா?"

"பண்ணிக்கல. பண்ணினா மண்டி போடக் கூடாதுன்னுட்டாங்க. என் ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தவிட்டு, முட்டியில ஊசியா போட்டாங்க."

"அதெல்லாம் ஏமாத்து வேலை."

"எல்லாருக்கும் கேக்காதுன்னு டாக்டரே சொன்னார். எனக்குக் கேட்டுச்சு. மூணு வருஷமா உக்காந்தே தொழுதவன், நேத்து ஜும்ஆ தொழுகையில நெத்தியத் தரையில வச்சேன்."

ஸ்டேஷன் வந்ததும் மச்சான் கம்பியைப் பிடித்து, முனகிக்கொண்டே எழுந்தார்.

"நாற்காலி எனக்கு நக்கோ, வேணாம். அந்த டாக்டர் அட்ரஸக் குடு."