திரும்பிப் பார்க்காதே என்று சொன்ன வேதமுத்து ஆசான்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத் தந்தை அவர்களே, வார்டு மெம்பர் ஜிபி அவர்களே, ஏலக்காட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் அக்கா தங்கச்சிகளே, ஸ்டாண்டில் வண்டியைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் டிரைவர் தோழர்களே, முன் வரிசையில் இருக்கும் ஆசானின் மனைவி பிலோமி அக்கா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஜீப் டிரைவர் யூனியன் செயலாளர் என்பதால் மைக்கை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் பேசியவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆசானின் அடக்கம் நடந்த அன்றும் வரவில்லை. காலையில் டீ குடித்தேன், சீனி போட்டிருந்தார்களா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல இருக்கிறது. நான் தட்டுத் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாந்தன்பாறையில் மெக்கானிக்குகள் நிறைய உண்டு. ஆனால் ஆசான் என்று சொன்னால் ஒருவர்தான். வேதமுத்து ஆசான். வண்டிக்கு அடியில் கேட்கிற சத்தத்துக்கு ஊர் பேர் சொல்லக்கூடியவர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி வைக்கும்போது ஒரே ஒரு இடி இடிக்கிறதா? ஒடித்துத் திருப்பும்போது மட்டும் கேட்கிறதா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? ஆள் ஏறியிருக்கும்போதா, காலி வண்டியிலா? இத்தனையும் கேட்டு முடிக்காமல் ஸ்பேனரைத் தொட்டதுண்டா அவர்? நான் பார்த்ததில்லை.

நம் ஆட்கள் செய்கிற கூத்து ஒன்று இருக்கிறது. அடியில் சத்தம் வந்தால் பாட்டைச் சத்தமாக வைப்பது. எந்த வண்டி பட்டறைக்கு வந்தாலும் ஆசான் முதலில் பாட்டை நிறுத்துவார். இன்னொரு கூத்து, காட்டுச் சேற்றிலிருந்து ஏறித் தார் ரோட்டைப் பிடித்த பிறகும் ஃபோர் வீல் லீவரை மாற்றாமல் ஓட்டுவது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும், வளைவில் டங்கென்று இடிக்கும். உடனே ஷாஃப்ட் மூட்டில் கிராஸ் போச்சு, பின் அச்சில் கிரவுன் பல்சக்கரம் போச்சு என்று பட்டறை வாசலில் ஒப்பாரி. ஆசான் சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பார். "ஏலே, லீவர மாத்தித் தொலை. பொறவு கிராஸ் பத்திப் பேசுவோம்" என்பார். சிரிக்கிறீர்களே, இங்கே இருக்கிற டிரைவர்களில் அந்தத் திட்டு வாங்காதவர் யார்?

சின்னத்தாய் அக்கா வந்திருக்கிறார். ஒருமுறை எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டியில் சத்தம். டிரைவர் முன்னால் வருகிறது என்று சாதித்தான். ஆசான் அவனிடம் பேசவே இல்லை. பின்னால் போய், "சின்னத்தாயி, ஒனக்கு எந்தக் கால்ல இடிக்கி?" என்று கேட்டார். "இடது குதிங்காலுல ஆசானே, பள்ளத்துல எறங்குனா பல்லே ஆடுது" என்றார் அக்கா. குனிந்து பார்த்தால் இடது பக்க ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்து கிடந்தது. டிரைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆசான் அவன் தோளில் தட்டி, "நீ சீட்டு மேல இருக்க. அவங்க சத்தத்து மேலயே உக்காந்திருக்காங்க. அவங்கள கேக்காம யாரக் கேக்க?" என்றார். அன்று முதல் நம் ஸ்டாண்டில் பின்னால் உட்காருகிறவர்களைக் கேட்காமல் எந்த வண்டியும் பட்டறைக்குப் போவதில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் இந்தக் கூட்டத்தை முடித்தால் அது கூட்டமே இல்லை.

போன திங்கட்கிழமை நடந்ததை ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறீர்கள். நடந்தது இது. நம் டிரைவர் செல்லத்துரையின் வண்டியில் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது டுக்கென்று ஒரு சத்தம். நிறுத்தி வைத்துப் பார்த்தால் இல்லை. ஆசான் கிராஸைப் பார்த்தார், ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கியர் பாக்ஸ் தாங்கலைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அந்த வண்டியில்தான் பெண்கள் காட்டுக்குப் போகிறார்கள். ஏற்றத்தில் ஷாஃப்ட் கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா? "ஓடினாத்தான் சொல்லும்" என்று ஆசான் பின்னால் ஏறித் தரைத் தகரத்தில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சத்தம் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது. டிரைவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. திரும்பினால் ஆக்சிலேட்டரில் கால் அசையும், கால் அசைந்தால் சத்தம் ஓடிப்போகும். "நான் கையத் தட்டுத வரைக்கும் ரோட்டப் பாரு" என்பார். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். செல்லத்துரை அதைத்தான் செய்தான். ஏற்றம் முழுக்கத் திரும்பவில்லை. கை தட்டும் சத்தம் வரவில்லை, சத்தம் இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்து ஓட்டினான். மேலே சமதளத்தில் நிறுத்திய பிறகும், யோசிக்கிறார் என்று கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கிறான். பிறகுதான் பார்த்தான். ஆசான் கம்பியில் சாய்ந்திருந்தார், மூச்சில்லை.

வழியிலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் நானே கேட்டேன். நெஞ்சடைப்பு, எதுவும் சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி இந்த மைக்கில் சொல்ல மாட்டேன். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து, "அவன் ஒரு தடவ திரும்பியிருந்தா" என்று பேசுகிறவர்களைக் கேட்கிறேன், நீங்கள் திரும்பியிருப்பீர்களா? ஆசான் சொல்லி, மீறித் திரும்பிய டிரைவர் ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

ஒரு கையும் காணோம். சரி.

அடக்கம் முடிந்து ஆசான் வீட்டுக்குப் போனேன். பிலோமி அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஈஸ்வரா, அந்தச் சத்தம் என்னன்னு தெரிஞ்சுதா?" இல்லை அக்கா என்றேன். பிறகு ஊர்ப் பேச்சை அவரே எடுத்தார். "வண்டிக்கடியில கெடக்கும்போது நான் காப்பின்னு கூப்பிட்டா அந்த மனுசன் வாயே தொறக்காது. டம்ளர டயர்கிட்ட வச்சிட்டு வந்துருவேன். கல்யாணம் கட்டுன நாளுல இருந்து அப்படித்தான். பொண்டாட்டி நானே என்ன ஏதுன்னு குனிஞ்சு பாத்ததில்ல. அந்தத் தம்பிய ஏன் கொல்லுதிய?" என்றார். அக்கா, உங்கள் முன்னால்தான் சொல்கிறேன், நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

செல்லத்துரை, கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாய். தெரிகிறது. யூனியன் ஆபீசில் சாவியை வைத்துவிட்டு, இனி ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன், மரம் கழிக்கும் கவாத்து வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் வண்டிப் பெண்கள் நாலு நாளாக அடுத்த வண்டிகளில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சத்தம் உன் வண்டியில், உன் கால் பதத்தில்தான் வருகிறது. வேறு யார் ஓட்டியும் வரவில்லை, நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நீ இறங்கிப் போனால் ஆசான் தேடியது கடைசி வரை கிடைக்காது.

தோழர்களே, ஆசானின் வேலையைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி சொல்கிறோம். பாட்டை நிறுத்துவோம். லீவரைப் பார்ப்போம். பின்னால் இருப்பவர்களைக் கேட்போம். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றப் போகிறோம். ஆசானே, நீங்கள் கோபப்படுவீர்கள், தெரியும். இனி பின்னால் உட்கார்ந்து சத்தம் பார்ப்பவர் டிரைவர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். சத்தம் ஓடிப்போனால் போகட்டும். இன்னொரு தடவை ஏற்றம் ஏறினால் அது வரும்.

கூட்டம் முடிந்ததும் அந்த வண்டி காலியாக, மெதுவாக அதே ஏற்றத்தில் ஏறப் போகிறது. பின்னால் நான் உட்காருவதாக இருந்தேன். காலையில் பிலோமி அக்கா வேறு மாதிரி சொல்லிவிட்டார். அங்கே அவர் உட்காருவாராம். "அவன் கூப்பிட்டா நான் பதில் சொல்லுவேன்" என்றார்.

செல்லத்துரை, சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. அக்கா எழுந்துவிட்டார். வந்து வாங்கிக்கொள்.