மூன்றாவது டம்ளர்

மாம்பழ ஸ்மூத்தி கெட்டியாக வரவேண்டுமென்றால் ஐஸ் கட்டி போடக் கூடாது. போட்டால் தண்ணீர் விட்டுப் போகும். பழத்தைத் தோல் சீவித் துண்டு போட்டு, அந்தத் துண்டுகளையே ஃப்ரீசரில் நாலு மணி நேரம் வைக்கவேண்டும். யூடியூபில் ஆளாளுக்கு வாழைப்பழத்தைப் போடு, ஐஸ்கிரீமைப் போடு என்கிறார்கள். வாழைப்பழம் போட்டால் வாழைப்பழ வாசம்தான் வரும். ஐஸ்கிரீம் போடுகிறவர்களுக்கு மாம்பழம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. பத்து முந்திரியை வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து, முதலில் அதை மட்டும் வெண்ணெய் மாதிரி அரைத்துக்கொண்டு, அப்புறம் பழத்தையும் கெட்டித் தயிரையும் சேர்த்து ஓட்டினால் போதும். கரண்டியைச் செருகினால் நிற்கும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாள் என்று உங்கள் ரைட்டர் பேனாவை மூடிவிட்டார். திறக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். நான் வரிசையாகத்தான் சொல்வேன்.

என் பெயர் விஜயகுமாரி. ராயபுரத்தில் சொந்த வீடு. கணவர் இல்லை, ஒரே மகன். குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் குவாலிட்டி பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் இன்சார்ஜ். தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டு முழுக்கக் கிடைக்கும்வரை அங்கே அடுத்த ஊசி தர மாட்டோம். துண்டுகளை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு தடவை அரிசிக் குருணை அளவு நுனிக்காக ஒரு தையல் லைனையே மூன்று மணி நேரம் நிறுத்தினேன். முதலாளி கத்தினார். கத்தட்டும் என்று காந்தத்தைத் தரையில் உருட்டிக்கொண்டே இருந்தேன், கிடைத்தது. நேற்று என் தம்பி கூட்டிவந்த வக்கீல், "கவனக்குறைவுன்னு சொல்லிருங்கம்மா, மிக்சி ஜார் மாறிப்போச்சுன்னு சொல்லிருங்க" என்றார். அந்த ஆளுடைய சட்டையில் ஒரு பொத்தான் கோணலாக இருந்தது. அதைக்கூடப் பார்க்காமல் போட்டுக்கொண்டு வந்தவர் எனக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைக்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கையில் ஜார் மாறியதே இல்லை.

தமிழ்மதி என் மருமகள். குன்னத்தூர்ப் பெண். என் மகன் பிரதீப்பும் அவளும் ஒரே கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள். இரண்டு வருடம் முன்பு அவனே பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தான். வந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

"அத்தைங்க, எனக்கு முந்திரி ஆகாதுங்க. துளி பட்டாலும் தொண்டை அடைச்சுக்குமுங்க. சின்ன வயசுல ஒருக்கா ஆஸ்பத்திரியில கெடந்து பொழச்சு வந்தனுங்க."

கடலைக்காட்டில் வளர்ந்தவள். மூட்டை மூட்டையாகக் கடலை தின்று வளர்ந்தவளுக்கு முந்திரி மட்டும் ஆகாதாம். காசு புழங்கும் வீட்டுக்கு வந்ததும் புது நோய் ஒன்று வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் இப்படித்தான். நாம் எல்லாம் சரியாக அனுப்பியிருப்போம். சட்டை சுருங்குகிறது என்று ஒரு மெயில் வரும். வாய்வார்த்தையை நம்பி ஒத்துக்கொள்ள மாட்டோம். அதே லாட்டிலிருந்து பீஸ் எடுத்து, துவைத்து, காயவைத்து, அளந்து, எழுதிப் பார்ப்போம். நான் பார்த்தவரை பாதிப் புகார் வெறும் அதிகாரம் காட்டுவதற்கு. இவளும் ஒரு பையர் மாதிரிதான் என் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். கம்பெனியிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு ரோல் கொண்டுவந்தாள். துணியில் ஓட்டை எங்கே, கறை எங்கே என்று காட்ட நாங்கள் ஒட்டுவோமே, அந்தச் சிவப்பு அம்பு. என் முந்திரி டப்பாவில் ஒன்று ஒட்டினாள். நான் முந்திரி அரைக்கும் ஜாரில் ஒன்று. அவளுக்கென்று ஸ்டிக்கர் இல்லாத தனி ஜார். "மறந்து மாத்தி எடுத்துறக் கூடாதுன்னுதானுங்க" என்று சிரித்தாள். இருபத்தாறு வருடம் அடுத்தவர் வேலையில் நான் ஒட்டிய ஸ்டிக்கர் என் சமையலறையில், என் ஜாரில். எத்தனை பேர் அந்த அம்பைப் பார்த்து என் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்கப் போவதில்லை. முகத்தில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அப்படியும் பொறுத்துக்கொண்டேன். இந்தச் சித்திரையில் முதல் செந்தூர மாம்பழம் வந்ததும் உழவர் சந்தையில் பொறுக்கி வாங்கி வந்தேன். பிரதீப்புக்கு நாலு வயதிலிருந்து நான் செய்து தருவது இந்த ஸ்மூத்தி. அப்போது எங்கள் வீட்டில் அதற்கு மாம்பழப் பால் என்று பெயர். ஒரு டம்ளர் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"வேண்டாங்கம்மா. நான் குடிச்சுப்போட்டு அவ கிட்ட போனாக்கூட அவளுக்கு ஆகாதாமுங்க. டாக்டரே சொன்னாருங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

வெட்கமாம். பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது? அந்த டம்ளரை நானே குடித்தேன். குடிக்கும்போது அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் தடவை ஒரு வியாழக்கிழமை. என் ஜாரில் முந்திரி அரைத்து, ஒரே ஒரு தடவை அலசிவிட்டு, அதிலேயே அவளுக்கு வெறும் மாம்பழமும் தயிரும் போட்டு அடித்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு உதட்டைத் தடவினாள். "ஏனுங்க அத்தை, அரிக்குதுங்களே, ஜார் மாறிப்போச்சுங்களா?" என்றாள். இல்லை கண்ணு என்றேன். ஒரு நோட்டில் தேதி, நேரம் போட்டு, 'உதட்டில் அரிப்பு, வாய்ச்சொல் மட்டும்' என்று எழுதினேன். இதை வைத்து யாரும் ரிப்போர்ட் எழுத முடியாது.

அடுத்த வாரம் அவளுக்கு அடித்ததில் பாலில் ஊறிய அரை முந்திரி போட்டேன். பத்து நிமிடத்தில் கழுத்தில் தடித்துச் சிவந்தது, கண் இமை வீங்கியது, குரல் கட்டிக்கொண்டது. ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு டப்பாவில் மாத்திரை வைத்திருப்பாள். அதை எடுத்து விழுங்கினாள். பிரதீப் வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான். டாக்டர், இனி ஒரு தடவை வந்தால் இதைவிட மோசமாக இருக்கும், மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே கிளம்பி வந்துவிடுங்கள் என்றார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாலுல என்னமோ கலந்துருக்குதுங்க. உங்க மேல தப்பில்லீங்க அத்தை, நீங்க மனசு வெசனப்படாதீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிரதீப் அன்று முழுக்க அவள் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். நான் சாப்பிட்டேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்.

மூன்றாவது, உங்களுக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். பிரதீப் சாயப்பட்டறைக்கு ஷேடு பார்க்கப் போயிருந்தான். பால் மாற்றியாகிவிட்டது கண்ணு, தயிர்கூட வீட்டில் உறை ஊற்றியது என்றேன். ஃப்ரீசரில் வைக்கப் பழத்தைக் காலையிலேயே அவள்தான் நறுக்கிக் கொடுத்திருந்தாள். குடிப்பதற்கு முன்னால் ஜாரை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டிக்கர் இல்லாத ஜார். அவளுடைய ஜாரில்தான் முந்திரியை அரைத்திருந்தேன். வக்கீலுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

"இன்னைக்குத்தானுங்க இத்தனை கெட்டியா வந்துருக்குது" என்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இரண்டு வருடத்தில் என் கைப்பக்குவத்தை அவள் மெச்சியது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து போய் ஃப்ரிட்ஜுக்கு மேலே கையை விட்டுத் துழாவினாள். டப்பா அங்கே இல்லை. காலையிலேயே அதை எடுத்து என் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். அவளுக்குப் பேச்சு வரவில்லை. போனை எடுக்கப் போனாள். அதையும் நான்தான் சார்ஜில் போட்டிருந்தேன், மாடியில். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். என் முழங்காலைப் பிடித்தாள்; நான் அவள் கையை விலக்கவில்லை, அவளாகவே விட்டாள். அவள் அடங்கிய பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, விலாசத்தை இரண்டு தடவை தெளிவாகச் சொன்னேன். வண்டி வருவதற்குள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இரண்டாவது தடவையே நிஜம் என்று தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு மூன்றாவது என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். எங்கள் தொழிலில் மூன்று முறை பார்ப்பது வழக்கம் என்று சொல்லலாம். சொன்னால் நீங்கள் நம்பவும் செய்வீர்கள். ஆனால் நீங்கள் எடுத்துவைத்திருக்கும் நோட்டில் மூன்றாவதற்குப் பதிவே கிடையாது. அது சோதனை இல்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தபோது அரை முந்திரி போட்டேன். நிஜம்தான் என்று தெரிந்த பிறகு ஒரு கைப்பிடி போட்டேன். எழுதிக்கொண்டீர்களா? நான்தான் செய்தேன், யோசித்துத்தான் செய்தேன்.

பிரதீப் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. ஒன்பது நாளாகிறது. கோபமாக இருப்பான், சின்னதிலிருந்தே அவன் கோபம் பத்து நாளைக்கு மேல் நின்றதில்லை. ஆடிவரைக்கும் பழம் வரும். அதற்குள் ஜாமீன் கிடைத்துவிட்டால் ஒரு டம்ளர் செய்து கொடுப்பேன். இனி வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?