விரிப்புக்கு அந்தப் பக்கம்

அடைப்பே இல்லையா? நல்லாப் பாத்தீங்களா டாக்டர்? கோச்சுக்காதீங்க. அந்தச் சின்ன டாக்டர் ஈ.சி.ஜி.யைப் பாத்துட்டு மாரடைப்புதான்னு அக்காவைக் கட்டிலோட தள்ளிக்கிட்டு ஓடினாங்க. இப்ப நீங்க ரத்தக்குழாயெல்லாம் சுத்தமா இருக்குங்கறீங்க. அப்ப அவளுக்கு ஒண்ணுமில்லையா?

ஓ. ஏதோ வந்திருக்கு, ஆனா மாரடைப்பு இல்ல. இதயம் ஒரு பக்கம் பலூன் மாதிரி உப்பிடுச்சா? அதிர்ச்சியிலயா? நெசமாவா? அவ நடிக்கறான்னு சொல்ல வரலையே? இல்ல, அவளுக்கு நடிப்பெல்லாம் வராது. பொய்யா ஒரு தும்மல் தும்மத் தெரியாது. பொழச்சுக்குவாதானே? இன்னும் கொஞ்ச நாள் ஜாக்கிரதையாப் பாக்கணும். சரி. சரிங்க.

நான் முதல்ல வாயுன்னுதான் நெனச்சேன். பக்கத்து மருந்துக்கடைக்காரரு, ஈரத்துணி தூக்கற கை, சதைப்பிடிப்பா இருக்கும்னாரு. ஆளாளுக்கு வைத்தியம். அக்காதான் சொன்னா, இஸ்திரிப்பெட்டியைச் சூட்டோட நெஞ்சுல வெச்ச மாதிரி இருக்குடின்னு. அப்புறம்தான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அதிர்ச்சியா? எங்களுக்கு என்னங்க அதிர்ச்சி? சலவைக்கடை. அவளும் நானும்தான். லாட்ஜுங்களோட படுக்கை விரிப்பு வரும். தொவைச்சு, தேச்சு, மடிச்சுக் குடுக்கணும். பெரிய விரிப்பை ஒத்தை ஆளா மடிக்க முடியாது. அந்தக் கோடியில அவ, இந்தக் கோடியில நான். உதறி இழுத்து, நடந்து வந்து, மூலைக்கு மூலை சேக்கணும். எங்க சண்டை, சமாதானம் எல்லாம் அந்த நடையிலதான். வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயத்தையும் அப்பதான் சொல்லிக்குவோம். விரிப்பைத் தூக்கிப் புடிச்சா மூஞ்சி தெரியாது பாருங்க, சுலபமா இருக்கும். என் வீட்டுக்காரரு என்னை விட்டுட்டுப் போனதைக்கூட அப்படித்தான் சொன்னேன். சனியன் தொலைஞ்சுது, நீ மூலையை நேராப் புடின்னா. அப்படிப்பட்டவ.

இன்னிக்கும் அதே மாதிரி தூக்கிப் புடிச்சுக்கிட்டுதான் சொன்னேன். அவ பக்கம் துணி தொய்ஞ்சுது. கோவம்னு நெனச்சேன். தரையில படுதுக்கா, தூக்கிப் புடின்னு அதட்டினேன் வேற. கையை இறக்கிப் பாத்தா, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

என்ன சொன்னேனா?

பெருசா ஒண்ணுமில்ல டாக்டர். காலையில இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருந்தேன், மேல் மாடிக்கு. மார்புல ஒரு கட்டி. போன வாரம் சதை எடுத்துப் பாத்தாங்க. இன்னிக்கு ரிப்போர்ட்டைப் பாத்து, புத்துநோய்தான்னுட்டாங்க. வேற ஏதாவதா இருக்காதான்னு ரெண்டு தரம் கேட்டேன். இல்லம்மான்னாங்க. உங்களை மாதிரி யாரும் வந்து, பாக்கத்தான் அப்படித் தெரிஞ்சுது, அது இல்லன்னு சொல்லல.

அதை விடுங்க. கண்ணு முழிச்சதும் முதல்ல என்னைப் பத்திதான் கேப்பா. நான் சொன்னா நம்ப மாட்டா, நீங்க சொன்னா நம்புவா. உனக்கு வந்தது மாரடைப்பு இல்ல, உன் தங்கச்சிக்கு வந்ததும் புத்து இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். அவ எழுந்து நடமாடற வரைக்கும் போதும்.

பேஷண்டுகிட்ட பொய் சொல்ற பழக்கம் இல்லையா? எனக்கும் இல்லைங்க. அதனாலதான் அவ உள்ள படுத்திருக்கா.