உள்ளங்கையில் ஒரு சிந்தசைஸர்

– டேய், இது பசங்க பஸ்ல விளையாடுற கேம் மெஷின்தானே? இதுக்குள்ள நான் வாசிச்ச பழைய சிந்தசைஸர் கீபோர்டு எப்படிடா வந்துச்சு?

– அதாவதுக்கா, உன் மெஷின் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுமோ, அதை இது அப்படியே செஞ்சு காட்டும். எமுலேட்டர்னு பேரு. அந்த பட்டனை அமுக்கிக்கிட்டே அம்புக்குறியைத் தட்டு.

– அட. கீழ் ஸ்வரத்துல ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இழுக்குமே, அதுகூட இருக்கே. கெட்டிக்காரன்டா நீ.

– கெட்டிக்காரன்லாம் இல்லக்கா.

– ஏன்டா முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?

– அதாவது, இந்தச் சத்தம் நானா செஞ்சதில்ல. உன் மெஷினோட சிப்லேர்ந்து எடுத்தது.

– அதைத் திறந்தியா? யாரைக் கேட்டு?

– நீயும் மாமாவும் ஊருக்குப் போயிருந்தப்போ. சாவி என்கிட்டதானே இருந்துச்சு. அதாவது, ஒரு சிப்பைக் கழட்டி, காப்பி எடுத்து, அதாவது...

– அதாவதை விட்டுட்டு விஷயத்துக்கு வாடா.

– திரும்ப வைக்கும்போது தலைகீழா மாட்டிட்டேன். சிப்ல ஒரு ஓரத்துல சின்னப் பள்ளம் இருக்கும், அது எந்தப் பக்கம்னு பாக்கல. கழட்டறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவை மறுநாள் பாத்தப்பதான் உறைச்சுது. சுவிட்சைப் போட்டா கருகிடுமேன்னு ஓடி வந்தேன். வாசல்லயே கருகின வாசனை. எனக்கு வாய் வரலக்கா, அப்படியே திரும்பிப் போயிட்டேன். இதைச் செஞ்சு குடுத்தா மனசு ஆறும்னு நெனச்சேன். ஆறல.

– நான்தான் சுவிட்சைப் போட்டேன். புகை வந்துச்சு. அன்னிக்குக் காலையில உங்க மாமா ஈரத்துணியால அதைத் துடைச்சிருந்தாரு.

– மாமாவைத் திட்டினியா?

– திட்டறதா? தண்ணியை உள்ளே விட்டுட்டீங்க, என் வாசிப்பைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது, வேணும்னே செஞ்சீங்கன்னு பிடிச்சுக்கிட்டேன். சோறு போடும்போதும் அதே பேச்சு, படுக்கப் போகும்போதும் அதே பேச்சு.

– ஆனா மாமா வேலை விஷயமா வெளியூர்னு சொன்னியே.

– உன்கிட்ட வேற என்னடா சொல்ல?

– போனைக் குடுக்கா. தப்பு என் மேல, அவர் செய்யவே இல்லைன்னு நானே சொல்லிடறேன்.

– அவர் செய்யலைன்னு அவருக்குத் தெரியாதாடா? இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போய் ஒருநாள், 'சரி, நான்தான் செஞ்சேன், இதோட விடு'ன்னாரு. அதுக்கப்புறம்தான் நான் அவரை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன்.