வெள்ளைக் கல் நனையும்போது

காட் மீனை மூடி வைத்து வேகவிடக் கூடாது. பெரும்பாலோர் அங்கேதான் தவறு செய்கிறார்கள். உப்பைத் தடவி ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் வெண்ணெயில் லேசாகப் புரட்டி எடுத்தால் போதும். சதை இதழ் இதழாகப் பிரியும். போன சனிக்கிழமை பிடிபட்ட மீனை நான் அப்படித்தான் செய்தேன். இந்தக் கரையில் அவ்வளவு பெரிய காட் மீனைப் பார்த்து வருடங்கள் ஆகின்றன. அதை வீணாக்குவது சரியில்லை என்று பட்டது.

அந்த மீனைப் பிடித்தது லான்ஸ். அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். நேற்று நீங்கள் என் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனதைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். அதனால்தான் இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

லான்ஸ் ஹெரனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவன் பிறகு அதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியரானான். நான் பேருந்து ஓட்டினேன். வேலை நாட்களில் அதிகம் பார்த்துக்கொள்ள மாட்டோம். சனிக்கிழமை மேசைக்குப் போவோம். துறைமுகத்துக்கு வடக்கே, நீர் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் அந்தப் பாறைத்திட்டைத்தான் நாங்கள் மேசை என்று சொல்வோம். நார்தம்பர்லாந்து கரையில் அதைவிட நல்ல இடம் இருப்பதாக எனக்குத் தெரியாது. நாங்கள் அங்கே அதிகம் பேசுவதில்லை. ஒரு முழு நாளில் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அது பேச்சு அதிகமான நாள். அவனுடைய மௌனம் எனக்குப் பழகியிருந்தது. அது எதையும் ஒளித்து வைக்கிற மௌனம் என்று நான் நினைத்ததில்லை.

மேசையில் ஓர் ஆபத்து உண்டு. நீர் ஏறும்போது அது முன்பக்கமாக வராது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. கடல் சுற்றிக்கொண்டு வந்து முதலில் அதைத்தான் நிரப்பும். தூண்டில் போடுகிறவன் கடலைப் பார்த்து நிற்பான். அவன் காலடி காய்ந்தே இருக்கும். திரும்பிப் பார்க்கும்போது வழி போயிருக்கும்.

அதனால் இருவராகத்தான் போவோம். ஒருவன் திட்டில் தூண்டில் போடுவான். மற்றவன் கரைப்பக்கம் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் வெள்ளைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பான். நீர் அந்தக் கல்லைத் தொட்டதும் விசில் ஊத வேண்டும். ஊதியதும் திட்டில் இருப்பவன், தூண்டிலில் என்ன மாட்டியிருந்தாலும், அதன் நைலான் நரம்பை அறுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். திட்டில் நிற்பவன் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால் கரையில் இருப்பவனுக்கு அவமானம். அப்படி ஒரு வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை. சந்தேகம் வந்தால் திரும்பி ஒருமுறை பார்க்கலாம். கரையில் இருப்பவன் கையைத் தூக்கிக் காட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். விசில் லான்ஸுடையது. பள்ளி மைதானத்தில் ஊதியது. இடம் மாறும்போது அதைக் கழுத்திலிருந்து கழற்றி மற்றவன் கழுத்தில் போடுவோம்.

கடல்நாய்களைப் பற்றி என் கருத்து இந்த ஊருக்கே தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது அவை எங்கோ தீவுப் பக்கம் இருந்தன. இப்போது துறைமுகத்துக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்கின்றன. மீன் மாட்டிக் கோல் வளையும், நரம்பைச் சுற்றுவோம், திடீரென்று கனம் போய்விடும். மேலே வருவது வெறும் தலை. அந்தத் தலையின் வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருக்கும். இதை எத்தனை தடவை பார்த்தாலும் பழகாது.

லான்ஸுக்கு இது வேறு மாதிரி. எங்கள் பக்கம் கிழட்டு ஆண் கடல்நாய் ஒன்று வரும். வழுக்கைத் தலை, வருத்தமான முகம். அவன் அதற்குப் பாதிரியார் என்று பெயர் வைத்திருந்தான். அது தலையைத் தூக்கினால், "வந்துட்டாரு, காணிக்கையை எடுத்து வைடா" என்பான். அவன் மீன் பறிபோனாலும் அதையேதான் சொல்வான்.

எங்கள் தூண்டில்காரர் மன்றக் கூட்டத்தில் கடல்நாய்களைக் குறைக்கச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்கலாம் என்று பேச்சு வந்தபோது அவன் ஒருவன்தான் எதிர்த்தான். இழுவைப்படகுகள் அள்ளியதை, கடல் சூடாகிப்போனதை, நாமே பிடித்த குஞ்சு மீன்களை எல்லாம் சொன்னான். கென்னி, தூண்டில் கடைக்காரன், "அப்போ நாங்க பட்டினி கிடக்கணும், உன் பாதிரியார் விருந்து சாப்பிடணுமா?" என்று கேட்டான்.

"அது பசிக்குத் தின்னுது கென்னி. நாம போட்டிக் கோப்பைக்குப் பிடிக்கிறோம்," என்றான் லான்ஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். நான், "இழுவைப்படகு எதுவும் என் தூண்டில்லேருந்து மீனைப் பிடுங்கலையே," என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அன்று இரவும் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். கருத்து வேறுபாடு ஒரு விஷயமே இல்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கருத்துக்காக நான் யாரையும் எதுவும் செய்யமாட்டேன்.

நவம்பரில் நான் மணல்மேட்டிலிருந்து பாதிரியாரைச் சுட்டேன். மீனைப் பறித்தால் கடல்நாயைச் சுடலாம் என்றிருந்த சட்டம் மாறிவிட்டது என்று தெரியும். குறி தவறவில்லை, ஆனால் அது பாதிரியார் இல்லை. குட்டி போட்டிருந்த பெண் கடல்நாய். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குட்டி அதன் பக்கத்திலேயே கிடந்து கத்தியது. நான் பையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு திரும்பும்போது பாதையில் லான்ஸ் எதிரே வந்தான். என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.

"யாரை?" என்றான்.

"பாதிரியாரை."

கரையிலிருந்து அந்தக் குட்டியின் சத்தம் கேட்டது. அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, "இல்ல வில்ஃப்," என்று மட்டும் சொன்னான். என்னைக் கடந்து கரையை நோக்கி நடந்தான்.

அடுத்த வாரம் உங்கள் ஆட்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். துப்பாக்கி போயிற்று, உரிமமும் போயிற்று. மன்றத்திலிருந்து என்னை நீக்க வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். நான் அந்த மன்றத்தில் சேர்ந்தபோது அங்கே கை தூக்கியவர்களில் பாதிப்பேர் பிறக்கவே இல்லை. கடல்நாய்களைத் தினமும் திட்டுகிற கென்னிகூடக் கையைத் தூக்கினான். மன்றத்தின் பெயர் கெடக் கூடாதாம். லான்ஸ் கை தூக்கவில்லை. ஆனால் எழுந்து நிற்கவும் இல்லை. தன் முன்னால் இருந்த பீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுத்தவன்தான் அப்படிப் பார்ப்பான்.

அன்று துப்பாக்கியோடு என்னைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். நான் கென்னியின் கடையில் புழு வாங்கும்போது ஒருமுறை, கடலில் ஒரு வாய் குறைந்தது என்று சொன்னது உண்மைதான். கடையில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஆனால் அது விளையாட்டாகச் சொன்னது. அப்படிச் சொன்னதை யாரும் காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். அதனால் லான்ஸ்தான் என்று முடிவு செய்தேன். வழக்கு நீதிமன்றம் வரை போகாமல் நின்றது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. சாட்சி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர்காலம் முழுக்க நான் வீட்டில் இருந்தேன். கோபம் என்று அதைச் சொல்லமாட்டேன். ஒரு மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பொழுது விடிந்ததும் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். நாற்பது வருடமாக அவன் கழுத்திலிருந்து என் கழுத்துக்கு வந்துபோன விசிலை நினைத்துக்கொள்வேன்.

பிப்ரவரியில் அவனே வந்து கதவைத் தட்டினான். "சனிக்கிழமை மேசைக்கு வர்றியா? மேசை மன்றத்துக்குச் சொந்தமில்ல," என்றான். கையில் அவன் மனைவி மாய்ரா சுட்ட ரொட்டி இருந்தது. வேறு எதையும் அவன் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பான் என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவன் என் கதவின் கீலைப் பார்த்து, எண்ணெய் விட வேண்டும் என்றான். வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காற்று வடகிழக்கு. கடல் கலங்கியிருந்தது. காட் மீனுக்கு அதுதான் வேண்டும். வற்றும் நீரில் முதல் முறை அவன் திட்டுக்குப் போனான், நான் கரையில் இருந்தேன். அப்போதுதான் அந்தப் பெரிய மீன் கிடைத்தது. அதைப் பள்ளத்தைத் தாண்டிக் கொண்டுவந்து என் பையில் போட்டான். "உனக்கு. நீ ரொம்ப மெலிஞ்சுட்ட கிழவா," என்றான்.

எங்கள் முறைப்படி, ஏறும் நீர் என்னுடையது. மீன் அப்போதுதான் கரைக்கு நெருங்கும். அதற்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். நான் அதை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். முட்டி வலிக்கிறது, நீயே போ என்றேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் இளகியதைக் கண்டேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். முட்டி வலிக்கவில்லை.

கல்லை நீர் தொட்டபோது நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கவனம் தப்பிவிட்டது, வயதாகிவிட்டது என்று மாய்ரா சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அவள் நல்லவள். ஆனால் அது சரியில்லை. கல் நனைந்தது. பிறகு பாதி மூழ்கியது. விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது. நான் ஊதவில்லை. நேற்றுவரை இதை மட்டும்தான் எனக்குள் ஒப்புக்கொண்டிருந்தேன். ஊதாமல் இருப்பது ஒரு செயல் ஆகாது என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. பாதிரியார் பள்ளத்துக்குள் வந்தது. கல் இருந்த இடத்துக்கு மேலே தலையைத் தூக்கி, மூக்கால் சீறியது. லான்ஸுக்கு அது கேட்டுவிட்டது. திரும்பினான். கடல்நாய் நீந்துகிற அளவு தண்ணீர் தனக்குப் பின்னால் நிற்பதை அவன் கண்ணாலேயே பார்த்தான்.

"பாரு, காணிக்கைக்குப் பின்வாசல் வழியா வந்துட்டாரு," என்று சிரித்தான். காற்றில் பாதிதான் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. அவன் தண்ணீரைப் பார்த்தான். அடுத்து என்னைப் பார்த்தான்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கடலின் பக்கம் திரும்பிக்கொண்டான். தூண்டிலில் புதிதாகப் புழு கோத்தான். அதை நிதானமாகச் செய்தான்.

அவன் மறுபடி திரும்பியபோது தண்ணீர் அவன் முழங்காலில் இருந்தது. பள்ளம் ஆள் ஆழத்துக்கு மேல் போயிருந்தது. அவன் கத்தவில்லை. கோலை ஒரு பிளவில் பத்திரமாகச் சொருகிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். இடுப்புவரை போட்டிருந்த ரப்பர் உடைக்குள் நீர் போய்விட்டால் எப்படி என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் எப்போதும் கொண்டுபோகும் கயிறு சுருளாக என் காலடியில் இருந்தது. நல்ல கயிறு. அவன் வாங்கியது. அவன் அதைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் விசிலை ஊதினேன். மேலே பாதையில் நாயோடு போன பெண் கேட்டது அதைத்தான். அவள் உங்களிடம் சொன்னது பொய்யில்லை. நான் விடாமல் ஊதினேன், அவள் ஓடி வரும்வரை ஊதினேன். பாதிரியார் கொஞ்சம் தள்ளித் தலையைத் தூக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. லான்ஸ் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் அது போயிற்று.

இவ்வளவுதான். என் கையெழுத்து வேண்டுமானால் போடுகிறேன். விசிலைக் கொண்டுவந்திருக்கிறேன், மாய்ராவிடம் கொடுத்துவிடுங்கள்.

நேற்று நீங்கள் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பரில் லான்ஸ் இந்த நிலையத்துக்கு வந்து, கடல்நாய் சுடப்பட்ட அந்தக் காலையில் நான் அவன் வீட்டு வேலிக்கதவைச் சரிசெய்துகொண்டிருந்தேன் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அவன் வாழ்நாளில் பொய் சொன்னவன் இல்லை. எனக்காகச் சொன்ன பொய்யால்தான் வழக்கு நின்றது என்றும், மாய்ராவுக்குக்கூட அது தெரியாது என்றும் சொன்னீர்கள். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பீர்கள்.

நான் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். அவன் என் வாசலில் ரொட்டியோடு நின்றான். பள்ளத்தைத் தாண்டி மீனைக் கொண்டுவந்து கொடுத்தான். இதைச் சொல்ல அவனுக்கு எத்தனையோ முறை வாய்ப்பு இருந்தது. ஒரு வார்த்தை போதும், நான் கையைத் தூக்கியிருக்கமாட்டேன். நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். சத்தம் கொடுக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தது அவன்தான்.